மாமாவுக்குப் பத்துப் பொருத்தம்

இன்றைக்கும் ஏதாவது நாவலில் தச்சன் ஒருவன் வந்தால் எனக்கு உள்ளங்கை சில்லிட்டுவிடும். அவனுடைய வயதை எங்காவது சொல்லியிருக்கிறதா என்று பக்கங்களைப் பின்னால் புரட்டுவேன். முப்பத்து மூன்று என்று இருந்துவிட்டால் புத்தகத்தை மூடிவைத்து, இரண்டு நாள் கழித்துத்தான் எடுப்பேன். இப்படி அடையாளங்களை ஒளித்து வைத்து எழுதுவது வாசகர்களின் சுவைக்காக என்கிறார்கள். இருக்கலாம். எட்டாம் வகுப்பில் அந்த ஒரு வாரம் நான் பட்ட பயத்தைப் பட்டவர்களுக்கு அதில் சுவை தெரியாது.

அப்போது நாங்கள் ஜூஜுவாடியில் ஒரு வரிசை வீட்டில் குடியிருந்தோம். ஆறு வீட்டுக்கு ஒரு குழாய். கொல்லைப் பக்கம் நெடுஞ்சாலை. அப்பா ஒரு கம்பெனியில் சரக்கு ஏற்றி அனுப்பும் பிரிவில் ஒன்பது வருடமாகத் தற்காலிகத் தொழிலாளி. பர்மனென்ட் ஆகப்போகிறவர்களின் பட்டியலில் அந்த வருடம் அவர் பெயர் இருப்பதாகப் பேச்சு. அம்மாவின் தம்பியான மாமா எங்களோடுதான் இருந்தார். அதே கம்பெனியில் ஒப்பந்தக்காரரின் ஆளாகத் தச்சு வேலை பார்த்தார். வெளிநாட்டுக்குப் போகும் இரும்பு உருப்படிகளுக்கு மரப்பெட்டி அடிக்கும் வேலை. அவர் அடித்த பெட்டியை யானை மிதித்தாலும் ஆணி அசையாது என்று அப்பாவே சொல்வார். மைத்துனனைப் பற்றி அப்பா நல்லதாகச் சொன்ன ஒரே சொல் அதுதான்.

மாமாவுக்கு அம்மா பெண் பார்த்துக்கொண்டிருந்தாள். பாரூரில் ஒரு பெண்ணின் ஜாதகம் பத்துக்கு எட்டுப் பொருந்தியிருந்தது. வயதுதான் இடித்தது. "முப்பத்தொண்ணுன்னே சொல்லு. மாட்டுக்குப் பாக்கற மாதிரி பல்லப் புடிச்சா பாக்கப் போறாங்க" என்று தம்பிக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தாள். உண்மை வயது முப்பத்து மூன்று.

எங்கள் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் எடுத்த மிஸ் நாகர்கோவில் பக்கத்திலிருந்து வந்தவர். எங்களை "மக்களே" என்றுதான் கூப்பிடுவார். துணைப்பாடத்தில் ஒரு பழைய அயல்நாட்டுக் கதை இருந்தது. பனி கொட்டும் கிராமம். ஜமீன்தாரின் தானியக் களஞ்சியம் எரிந்துபோகிறது. தீ வைத்தவன் யாரென்று சொல்லாவிட்டால் ஊர் முழுவதையும் பனியில் துரத்திவிடுவேன் என்கிறான் ஜமீன்தார். தீயோடு ஒரு சம்பந்தமும் இல்லாத தச்சன் ஒருவன் எழுந்து, நான்தான் வைத்தேன் என்கிறான். வெள்ளிக்கிழமை அவனைத் தூக்கில் போடுகிறார்கள்.

மிஸ் புத்தகத்தை மூடிவிட்டுக் கேட்டார். "இந்தத் தச்சன் வேற யாரோட சாயல், மக்களே? எழுதினவரு யாரை மனசுல வச்சுட்டு எழுதியிருக்காரு?"

நான்தான் கையைத் தூக்கினேன். "வேடியப்பன், மிஸ்."

எங்கள் சொந்த ஊரான ஊத்தங்கரைப் பக்கத்தில் ஏரிக்கரையிலும் வயலோரத்திலும் வில்லோ வாளோ பிடித்த வீரனைச் செதுக்கிய கல் நிற்கும். ஊருக்காகச் செத்தவன் என்பார்கள். வேடியப்பன் என்று பேரிட்டு, பொங்கல் வைத்து, சேவல் அறுத்துக் கும்பிடுவோம். ஊருக்காகச் செத்தவன் என்றால் எனக்குத் தெரிந்தது அவர்தான். மிஸ் சிரித்துவிட்டு, அதுவும் தப்பில்லை, ஆனால் எழுதினவர் வேடியப்பனைப் பார்த்ததில்லை, இயேசுவை நினைத்து எழுதியிருக்கிறார் என்றார். உலகத்துப் பெரிய கதைகளிலெல்லாம் அவர் வேறு வேறு பெயரில் வருவாராம். கண்டுபிடிக்க அடையாளங்கள் உண்டாம். பரீட்சைக்குப் பத்து மதிப்பெண் கேள்வி என்பதால் பத்து அடையாளம் எழுதிப்போட்டார். தச்சனாக இருப்பான். முப்பத்து மூன்று வயதிருக்கும். கல்யாணம் ஆகியிருக்காது. குழந்தைகள் அவனைச் சுற்றியே இருக்கும். கூட பன்னிரண்டு பேர் இருப்பார்கள். தன் சாப்பாட்டைப் பிட்டுக் கொடுப்பான். பிறர் குற்றத்தைத் தன்மேல் ஏற்பான். தன் மரத்தைத் தானே சுமப்பான். வெள்ளிக்கிழமை சாவான். பத்தாவதாகச் 'சேவல்' என்று எழுதியபோது மணி அடித்துவிட்டது. அதை நாளைக்குச் சொல்கிறேன் என்று மிஸ் போய்விட்டார். மறுநாள் நான் காய்ச்சலில் கிடந்தேன்.

காய்ச்சலில் படுத்தபடி அந்த நோட்டைப் படித்தபோதுதான் விஷயம் புரிந்தது. மாமா தச்சர். முப்பத்து மூன்று. கல்யாணம் ஆகவில்லை. வரிசையில் இருந்த ஆறு வீட்டுப் பிள்ளைகளும் அவர் வண்டிச் சத்தம் கேட்டால் ஓடுவார்கள். அவருக்குக் கீழே வேலை செய்த தச்சர்கள் சரியாகப் பன்னிரண்டு பேர். பரோட்டா வாங்கி வந்தால் தான் தின்னும் முன் பிட்டுப் பிட்டு எங்கள் வாயில் வைப்பார். சேவலுக்குப் பஞ்சமே இல்லை. பக்கத்து வீட்டுக் கன்னடக்கார அக்கா வளர்த்த சிவப்புச் சேவல் விடியல், மத்தியானம் என்று பார்க்காமல் தொண்டை கிழியக் கூவும். அதைக் கேட்டாலே அப்பாவுக்கு ஆகாது. பென்சிலை எடுத்து ஒவ்வொன்றாக டிக் போட்டேன். பத்துக்கு ஏழு. எங்கள் வீட்டில் பத்துக்கு எட்டு வந்தால் பந்தற்கால் நட்டுவிடுவார்கள்.

வியாழக்கிழமை பள்ளிக்குப் போனதும் மிஸ்ஸிடம் கேட்டேன். இத்தனை அடையாளமும் பொருந்தினால் அந்த ஆள் கண்டிப்பாகச் செத்துத்தான் ஆகவேண்டுமா? நல்ல கேள்வி கேட்டேன் என்ற சந்தோஷம் அவர் முகத்தில் தெரிந்தது. "கண்டிப்பா, மக்களே. இல்லாட்டி கதை எப்படி நிக்கும்?" என்றார். சேவலைப் பற்றிக் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை ஒன்றும் நடக்கவில்லை. கொஞ்சம் மூச்சு வந்தது. அடுத்த திங்கட்கிழமை அப்பா நான்கு மணிக்கே வீட்டுக்கு வந்துவிட்டார். செருப்பைக் கழற்றாமல் உள்ளே வந்து உட்கார்ந்தார். கம்பெனியில் லாரிக்கு ஏற்றும்போது ஒரு மரப்பெட்டி சரிந்து, ஒடிசாவிலிருந்து வந்திருந்த ஒரு தொழிலாளியின் காலில் விழுந்துவிட்டதாம். "பெட்டி ஒடையவே இல்ல. முழுசா வந்து வுழுந்துச்சு" என்று அப்பா திரும்பத் திரும்பச் சொன்னார். அம்மா என்னைக் குழாயடிக்குக் குடத்தோடு அனுப்பிவிட்டாள்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் கம்பெனி சூப்பர்வைசர் எங்கள் வீட்டுக்கு வந்தார். அதற்கு முன் அவர் எங்கள் தெருப்பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை. அம்மா கொடுத்த காபியைக் குடிக்காமலே கையில் வைத்திருந்தார். நான் கட்டிலுக்கு அடியில் புத்தகம் தேடும் சாக்கில் படுத்திருந்தேன். அவர் மெதுவாகத்தான் பேசினார். "வெள்ளிக்கெழம விசாரணை. யாராச்சும் ஒருத்தர் ஏத்துக்கினா மத்தவங்க எல்லாரும் பொழச்சிக்கலாம்." பிறகு மாமாவின் குரல் கேட்டது. "என் பேர்லயே எழுதிக்கோங்க சார். அடிப்பலகை உளுத்தது, பாக்காம அடிச்சிட்டன்னு எழுதிக்கோங்க."

கட்டிலுக்கு அடியில் எனக்குப் பல் கிட்டிவிட்டது. நோட்டை எடுக்கவே பயமாக இருந்தது. எடுத்து எட்டாவது டிக்கைப் போட்டேன்.

புதன்கிழமை காலையில் கொல்லைப் பக்கம் போனேன். பழைய கோழிக்கூண்டிலிருந்து கழற்றிப் போட்டிருந்த, கரையான் அரித்த பலகை ஒன்றை மாமா தோளில் தூக்கிக்கொண்டிருந்தார். ஆள் உயரம் இருந்தது. டிவிஎஸ் வண்டியில் வைக்க முடியாது என்று கம்பெனிக்கு நடந்தே தூக்கிப் போகிறாராம். விசாரணையில் காட்டுவதற்காம், சூப்பர்வைசர் கம்பெனி வாசலில் காத்திருப்பாராம். நான் ஓடிப்போய் அந்தப் பலகையின் பின்முனையைப் பிடித்துத் தொங்கினேன். பலகை வழுக்கி, அவர் தோளில் சிராய்ந்து ரத்தம் கசிந்தது.

"என்னா கண்ணு இது. வுடு, மாமாக்கு நேரமாவுது" என்றார். கோபமே இல்லை. கோபித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்திருக்கும். மிஸ்ஸின் கதையில் வந்த தச்சனும் யாரையும் கோபித்துக்கொள்ளவில்லை. என் கையைத் தன் கையால் விலக்கினார். அந்த உள்ளங்கையில் ஆணி குத்திய பழைய தழும்பு இருந்தது. ஆயிரம் முறை பார்த்த தழும்புதான். அன்றுதான் அதைப் பார்த்தேன் என்று சொல்லவேண்டும்.

யாரிடம் சொல்வது? அம்மாவிடம் சொன்னால் வாயில் போடுவாள். நல்ல நாளும் அதுவுமாகச் சாவைப் பற்றிப் பேசினால் எங்கள் வீட்டில் சாணித் தண்ணீர் தெளிக்காத குறைதான். ஆகவே வேடியப்பனிடமே சொன்னேன். ஊருக்காகச் செத்தவருக்கு இந்த மாதிரிச் சங்கதி புரியும் என்று நினைத்தேன். வெள்ளிக்கிழமை தாண்டி மாமா உயிரோடு இருந்தால் உனக்கு ஒரு சேவல் என்று வேண்டிக்கொண்டேன். சேவலுக்கு எங்கே போவேன் என்று யோசிக்கவில்லை.

வியாழக்கிழமை சாயங்காலம் மாமா தன் ஆட்கள் பன்னிரண்டு பேரையும் வீட்டுக்கு அழைத்துவந்துவிட்டார். பரோட்டாவும் அதற்குச் சேர்வைக் குழம்பும் பெரிய பையில் வந்தன. வீட்டுக்குள் இடமில்லாமல் குழாயடியில் சாக்கு விரித்து வட்டமாக உட்கார்ந்தார்கள். இனிமேல் நான் வேலைக்கு வரமாட்டேன், நீங்கள் பார்த்து நடந்துகொள்ளுங்கள் என்று மாமா ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். ஒருவர் கண்ணைத் துடைத்தார். நான் விரலை நீட்டி எண்ணினேன். மாமாவோடு பதிமூன்று. ஓடிப்போய் அவருக்கும் அடுத்தவருக்கும் நடுவே இடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். பதினான்கு ஆகிவிட்டால் கணக்கு தப்பிவிடும் அல்லவா? அப்பா வாசல்படியில் நின்று, "பெரியவங்க நடுவுல என்னா வேல, எழுந்து வா" என்று அதட்டினார். அவர் மட்டும் அந்தச் சாக்கில் வந்து உட்காரவில்லை. நான் எழவில்லை. மாமா பரோட்டாவைப் பிட்டு முதல் துண்டை எனக்குக் கொடுத்தார். நான் அதைத் தின்னாமல் கைக்குள் பொத்தி வைத்துக்கொண்டேன்.

அன்று படுக்கும்முன் அம்மா என் தலையைப் பின்னிக்கொண்டே சொன்னாள். "நாளைக்கு யாராச்சும் வந்து கேட்டா, அப்பாக்கு வண்டி ஓட்டத் தெரியாதுன்னு சொல்லணும். ஆயுத பூஜை அன்னிக்கு வண்டில ஏறினதையும் சொல்லக்கூடாது. தெரிதா?"

ஆயுத பூஜை அன்றைக்குக் கம்பெனியில் குடும்பத்தாரை உள்ளே விடுவார்கள். பெட்டிகளைத் தூக்கி வைக்கும் மஞ்சள் ஃபோர்க்லிஃப்டில் அப்பா என்னை மடியில் உட்காரவைத்து, யாரும் பார்க்காத மூலையில் ஒரு சுற்று ஓட்டிக் காட்டியிருந்தார். அதை ஓட்ட அவருக்கு லைசென்ஸ் கிடையாது. மாமாவின் உயிரே ஊசலாடும்போது இந்த அற்ப விஷயத்தைப் பற்றி அம்மா ஏன் பேசுகிறாள் என்று எனக்கு எரிச்சல் வந்தது. சரி என்று தலையை ஆட்டிவைத்தேன்.

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்குக் கம்பெனி ஜீப் வந்தது. மாமாவை அழைத்துப்போக ஒப்பந்தக்காரர் வந்திருந்தார். அவரோடு நரைத்த மீசை வைத்த, கம்பெனியின் விசாரணை அதிகாரி ஒருவரும் வந்தார். மாமா குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, விபூதி வைத்துக்கொண்டு நின்றார். நான் முதல் நாளே அவர் செருப்பைத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தேன். செருப்பு இல்லாமல் எப்படிப் போவார் என்பது என் திட்டம். அவர் வெறுங்காலோடு ஜீப்புக்கு நடந்தார்.

அதிகாரி மட்டும் வாசலில் நின்றார். என்னைப் பார்த்துக் குனிந்து, "பாப்பா, அப்பாக்கு வண்டி ஓட்டத் தெரியுமா?" என்றார்.

"தெரியாது" என்றேன்.

"ஆயுத பூஜைக்கு வந்தியே. மஞ்ச வண்டில ஏத்திக் காட்டினாரா?"

"நான் ஏறல."

அவர் உடனே போகவில்லை. வீட்டுக்குள் பார்த்தார். வாசல் திரைக்குக் கீழே அப்பாவின் கால்விரல்கள் தெரிந்தன. அதிகாரி என் உயரத்துக்கு உட்கார்ந்துகொண்டார். "உங்க மாமா அடிச்ச பெட்டிய பத்து வருசமா பாக்கறன். அதாங் கேக்கறன். நல்லா யோசிச்சு சொல்லு. அந்த வண்டிய அப்பா ஓட்டி நீ பாத்திருக்கியா?"

என் கண் ஜீப்பிலேயே இருந்தது. ஜீப் கிளம்பிவிடுமோ என்ற பயத்தில் இவர் எழுந்து வழிவிட்டால் போதும் என்றிருந்தது. "இல்ல, பாக்கல" என்றேன்.

பக்கத்து வீட்டுச் சுவரின் மேல் அந்தச் சிவப்புச் சேவல் ஏறி நின்று கூவியது. அதிகாரி எழுந்து, முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டு போனார். நான் ஜீப்பின் பின்னால் நெடுஞ்சாலை வரை ஓடினேன். மாமா கையசைத்தார்.

அன்று பள்ளிக்கூடத்தில் என்ன நடத்தினார்கள் என்று கேட்டால் தெரியாது. ஒவ்வொரு மணி அடிக்கும்போதும் இந்நேரம் ஆகியிருக்கும் என்று நினைப்பேன். எப்படிச் சாகப்போகிறார் என்பது தெரியாததுதான் பெரிய கொடுமையாக இருந்தது. மூன்று மணிக்கு வானம் இருட்டிக்கொண்டு வந்தது. மிஸ் நடத்திய கதையிலும் தச்சனைத் தூக்கில் போடும்போது அப்படித்தான் இருட்டும். நான் பெஞ்சிலேயே ஒன்றுக்குப் போய்விட்டேன். எட்டாம் வகுப்புப் பெண்ணுக்கு அது எவ்வளவு அவமானம். எனக்கு அப்போது அது கூடத் தோன்றவில்லை.

ஆறு மணிக்கு மாமா வந்தார். வெறுங்காலோடு, உளியும் சுத்தியலும் இழைப்புளியும் போட்ட சாக்கைத் தோளில் மாட்டிக்கொண்டு, உயிரோடு வந்தார். நான் ஓடிப்போய் அவர் கையைக் கிள்ளிப் பார்த்தேன். ஆ என்றார். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அம்மா மூலையில் உட்கார்ந்து அழுதாள். அப்பா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். உயிரோடு வந்தவரைப் பார்த்து அழுகிறார்களே, இவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டேன். பட்டியலில் வெள்ளிக்கிழமைக்கு நேரே பெரிதாக ஒரு தப்புக்குறி போட்டேன். அத்தனை சந்தோஷமாக நான் எந்தத் தப்புக்குறியும் போட்டதில்லை.

ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் ஊத்தங்கரைக்குப் பஸ் ஏறினோம். வேடியப்பனுக்குச் சேவல் அறுக்கவேண்டும் என்று அப்பாவே கிளப்பினார். நான் சொல்லாமலே என் வேண்டுதல் அவருக்கு எப்படித் தெரிந்தது என்று எனக்கு ஆச்சரியம். பக்கத்து வீட்டு அக்காவிடம் கெஞ்சி அந்தச் சிவப்புச் சேவலையே வாங்கிக்கொண்டார். வழியெல்லாம் அது பைக்குள் சத்தம் போடாமல் கிடந்தது.

ஏரிக்கரையில் கல்லுக்கு மஞ்சள் பூசி, பொங்கல் வைத்தார்கள். அப்பா கல்லுக்கு முன்னால் விழுந்து எழ வெகுநேரம் ஆயிற்று. அவர் கத்தியைத் தொடாததால் மாமாதான் சேவலை அறுத்தார். கறி வெந்ததும் முதல் துண்டை அப்பாவின் இலையில் வைத்தார் மாமா. "சாப்பிடுங்க மாமா. எல்லாம் முடிஞ்சிச்சி" என்றார். அப்பா இலையைப் பார்த்தபடியே இருந்தார். நான் மாமாவின் காதில், இனிமேல் உனக்கு ஒன்றும் ஆகாது, பயப்படாதே என்று ரகசியமாகச் சொன்னேன். "எனக்கு என்னா கண்ணு ஆவப்போவுது" என்று சிரித்தார். மாலையில் நாங்கள் பஸ் ஏறினோம். மாமா ஏறவில்லை.

அந்தத் தையில் அப்பா பர்மனென்ட் ஆனார். நான் பள்ளியை முடித்தேன், கல்லூரிக்கும் போனேன். உளுத்த பலகை வைத்து ஒருவன் காலை முறித்த தச்சன் என்று பேர் பரவியதால் எந்தக் கம்பெனி கேட்டிலும் மாமாவை உள்ளே விடவில்லை. பாரூர்க்காரர்கள் ஜாதகத்தைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவர் இன்னும் ஊரிலேயே இருக்கிறார், கட்டில் கால் பழுதுபார்த்துக்கொண்டு, தனியாக. அந்த ஒடிசாக்காரரின் கால் என்ன ஆயிற்று என்று எங்கள் வீட்டில் யாரும் ஒருநாளும் பேசியதில்லை. வெள்ளிக்கிழமைக்குப் போட்ட தப்புக்குறியை அழித்துவிட்டு டிக் போட்டிருக்கவேண்டும் என்று எனக்குத் தெரிய அத்தனை வருடம் பிடித்தது.

சேவலைப் பற்றிக் கல்லூரியில்தான் படித்தேன். இயேசுவைப் பிடித்துக்கொண்டு போன இரவில், அவருடைய நெருங்கிய தோழனை முற்றத்தில் நிறுத்தி, நீயும் அவனோடு இருந்தவன்தானே என்று கேட்கிறார்கள். தெரியாது என்கிறான். மூன்று முறை கேட்கிறார்கள், மூன்று முறையும் தெரியாது என்கிறான். உடனே சேவல் கூவுகிறது. அவன் வெளியே போய்த் தேம்பித் தேம்பி அழுகிறான்.

நான் அழவில்லை. ஏரிக்கரையில் மாமாவின் பக்கத்தில் உட்கார்ந்து, அந்தச் சேவலின் தொடைக்கறியைத் தின்று முடித்து, இன்னொரு துண்டு கேட்டு வாங்கினேன்.